எட்டாம் வகுப்பை மறுபடி படிப்பதா, பள்ளி முடிந்தபின் ஒரு வருஷம் கூட்டுவதா?

அமெரிக்காவில் பையன் கூடைப்பந்து ஆடினால், எட்டாம் வகுப்பு முடியும் சமயத்தில் ஏதாவது ஒரு கோச் கேட்டுவிடுவார்: "இன்னொரு தடவை எட்டாவதே படிக்கட்டுமே?" மார்க் நன்றாக இருந்தாலும் கேட்பார். ஒரு வயது கூடினால் உயரமும் பலமும் கூடும் என்பது கணக்கு. நாங்கள் சம்மதிக்கவில்லை. வகுப்போடு போகவிட்டு, பன்னிரண்டாவது முடித்தபின், கல்லூரிக்குப் போகுமுன், பி.ஜி. எனப்படும் போஸ்ட் கிராஜுவேட் வருஷம் ஒன்றைப் பள்ளியிலேயே கூட்டினோம். நம்மூர் முதுகலைப் படிப்பு இல்லை இது.

எட்டாவதைக் குறிவைக்கக் காரணம் உண்டு. ஒன்பதாவதில் சேர்ந்த நாள் முதல் எட்டு செமஸ்டர்கள், அதாவது நாலு வருஷம்தான் பள்ளி அணியில் ஆடலாம் என்பது பெரும்பாலான மாநிலங்களில் விதி. அதற்கப்புறம் வகுப்பில் தங்கினாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாஸான பிள்ளையை அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் மறுபடி உட்கார வைக்காது என்பதால், தனியார் பள்ளிக்கு மாற்ற வேண்டிவரும். பி.ஜி. வருஷமும் பெரும்பாலும் தனியார் விடுதிப் பள்ளிகளில்தான். ஆக, செலவு இரண்டிலும் உண்டு.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வளர்ச்சி. பையன்கள் கிடுகிடுவென்று உயர்வது சராசரியாக 13, 14 வயதில். ஆனால் சிலருக்கு 12-லேயே தொடங்கும், சிலருக்கு 15 தாண்டும். எட்டாவதில் முடிவெடுக்கும்போது நம் பையன் எந்த ரகம் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. முன்னமே வளர்ந்த பையனை எட்டாவதிலேயே நிறுத்திவைத்தால் அடுத்த இரண்டு வருஷம் மற்றவர்களைவிடத் தலை உயர்ந்து நிற்பான். உயரமாயிற்றே என்று கூடைக்கடியில் நிறுத்திவிடுவார்கள். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது (ரீபவுண்ட்), அங்கிருந்தே திரும்பப் போடுவது, அவ்வளவுதான் வேலை. பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளியைத் தாண்டுவது குட்டைப் பையன்கள் கற்றுக்கொள்கிற வித்தை. பதினோராவதில் அவர்களும் வளர்ந்துவிடுகிறார்கள். இவனிடம் உயரமும் மிச்சமில்லை, கையில் வித்தையும் இல்லை. இப்படித் திணறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துப்போகும்.

எங்கள் பையன் குட்டையாகவே ஒன்பதாவது போனான். உயரமானவன் கைக்கு எட்டாமல் பந்தை மேலே தூக்கிப் போடும் ஃப்ளோட்டரைக் கற்காமல் அவனால் ஒரு பாயின்ட்கூட எடுத்திருக்க முடியாது. உயரம் அப்புறம் வந்தது. பி.ஜி. வருஷத்தைச் செலவழிக்கும்போது அவன் உடம்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்து செலவழித்தோம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு: கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்சநிலையான முதல் டிவிஷனில் ஆட வேண்டிய 16 பாடங்களில், நாலு வருஷத்தில் பள்ளியை முடித்தபின் ஒன்றே ஒன்றைத்தான் கூடுதலாகச் சேர்க்கலாம். படிப்பில் பின்தங்கியவனை இந்த வருஷம் காப்பாற்றாது.

பெண்பிள்ளைகள் சீக்கிரமே வளர்ந்துவிடுவதால் அவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. எடையும் பலமும் பேசும் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வருஷ மூப்பு உண்மையிலேயே உதவக்கூடும். பிறந்த வருஷத்தை வைத்துப் பிரிக்கும் ஐஸ் ஹாக்கி கிளப்புகளில் வகுப்பைத் திரும்பப் படித்துப் பலனே இல்லை.

எட்டாவதில் நிறுத்தியே தீருவது என்றால், முதலில் மாநில வயது வரம்பைப் பாருங்கள். பல மாநிலங்களில் குறிப்பிட்ட தேதிக்கு முன் 19 முடிந்தவர் ஆட முடியாது. ஏற்கெனவே வகுப்பில் மூத்த பிள்ளை என்றால், பன்னிரண்டாவதில் வெளியே உட்கார நேரலாம்.