கடை சர்வரைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஈரோட்டில் லுங்கி, துண்டு மொத்த வியாபாரம் செய்கிறோம். பில், ஸ்டாக், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கடைக்குள் இருக்கும் ஓர் உபுண்டு (லினக்ஸ்) கணினியில், மைஎஸ்க்யூஎல் 8.0 தரவுத்தளத்தில் இருக்கிறது. ஆனிக் கடைசியில், ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு எடுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். இரவு கரண்ட் போய் வந்தது. காலையில் கணினி ஓடுகிறது, பில்லிங் திறக்கவில்லை. சாக்கெட் (பில்லிங் மென்பொருள் தரவுத்தளத்தோடு பேச உதவும் கோப்பு) வழியாக இணைக்க முடியவில்லை என்று 2002 எண்ணோடு ஒரு பிழைச் செய்தி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 2.

தெரிந்தவர் சொன்ன ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டோம். வந்து பத்து நிமிடத்தில், "மேடம், டேட்டாபேஸ் கரப்ட் ஆயிடுச்சு. ரெக்கவரி பண்ணித்தான் எடுக்கணும், முழுசா வருமான்னு சொல்ல முடியாது" என்றார். பயந்துபோய் 14,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். நான்கு மணி நேரம் யாரையும் பக்கத்தில் விடவில்லை. பில்லிங் திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பதினோரு வாரம் கழித்து, புரட்டாசியில் ஒரு காலை, தரவுத்தளத்தில் எங்கள் கணக்கு இருந்த டேபிள்கள் (அட்டவணைகள்) ஒன்றுகூட இல்லை. புதிதாக ஒரே ஒரு டேபிள் இருந்தது. தரவை எடுத்துவிட்டோம், பிட்காயின் அனுப்பினால் தருகிறோம் என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா மகன் சென்னையில் சர்வர் வேலை பார்க்கிறான். அன்று இரவே வந்து, அந்த டெக்னீஷியன் அடித்த கட்டளைகள் கணினியில் பதிவாகி இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தான். "சித்தி, அன்னைக்கு எதுவும் கரப்ட் ஆகலை. டிஸ்க் ரொம்பிடுச்சு, அவ்வளவுதான்" என்றான்.

தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் மைஎஸ்க்யூஎல் பைனரி லாக் என்ற கோப்புகளில் எழுதி வைக்கும். 8.0-இல் இது தானாகவே ஓடும். 30 நாள் வரை வைத்திருக்கும். எங்கள் மென்பொருள் தினமும் ஸ்டாக் முழுவதையும் திருப்பி எழுதுவதால், டிஸ்க்கில் அதற்கான 20 ஜிபி பகுதி நிறைந்துவிட்டது. இடமில்லாமல் மைஎஸ்க்யூஎல் எழுந்திருக்கவில்லை. அந்த 2-க்கு அர்த்தம் சாக்கெட் கோப்பே இல்லை, அதாவது பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை என்பதுதான். கடவுச்சொல் தவறு என்றால் 1045 வரும். இணைப்புகள் வரம்பைத் தாண்டினால் 1040 வரும். எதுவுமே தரவு கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. மைஎஸ்க்யூஎல் தானே எழுதி வைக்கும் பிழைப் பதிவிலேயே டிஸ்க்கில் இடமில்லை என்று பிழை எண் 28-உடன் எழுதியிருந்தது. அதை அவரும் திறந்து பார்த்திருக்கிறார். தெரிந்தே சொன்ன பொய் அது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. லாக் கோப்புகளை அழித்ததோடு, இனி டிஸ்க் நிறையக் கூடாதென்று லாக் எழுதுவதையே நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள வசதியாக, 127.0.0.1-இல் மட்டும், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்த சர்வரை, எங்கிருந்து வந்தாலும் ஏற்கும்படி 0.0.0.0 என்று மாற்றினார். வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்தி, ரௌட்டரில் மைஎஸ்க்யூஎல்லுக்கான 3306 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டார். எல்லாப் பயனர்களுக்கும் சுலபமான ஒரே கடவுச்சொல் வைத்தார். எதையும் எங்களிடம் சொல்லவில்லை.

இரவு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டில் பழைய கடவுச்சொல்தான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் பேக்கப் கோப்பு உருவாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் 0 பைட். தேதி போட்ட கோப்புகளைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன். லாக் இருந்திருந்தால் கடைசி 30 நாள் மாற்றங்களையாவது அதிலிருந்து எடுத்திருக்கலாம் என்றான் பையன். அதுவும் இல்லை.

பிட்காயின் அனுப்பவில்லை. இணையத்தில் திறந்து கிடந்த மைஎஸ்க்யூஎல் சர்வர்களையும், மோங்கோடிபி என்ற இன்னொரு தரவுத்தள சர்வர்களையும் 2017-லேயே ஆயிரக்கணக்கில் இப்படி அழித்திருக்கிறார்கள். நகலே எடுக்காமல் அழித்துவிட்டுப் பணம் கேட்பதும் அதில் உண்டு. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். டெக்னீஷியனோ, "ஹேக் ஆனதுக்கு நான் என்ன பண்றது?" என்று போனை வைத்துவிட்டார்.

கார்பன் பில் கட்டுகளை வைத்து நானும் கணக்குப்பிள்ளை அண்ணனும் பதினோரு வாரத்தை மறுபடி ஏற்றினோம். தீபாவளி வியாபாரத்துக்கு நடுவில், ராத்திரி பதினொரு மணி வரை. கட்டிய பாக்கியை மறுபடி கேட்டுவிட்டோமே என்று ஒரு பழைய வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அவர் ரசீதை எடுத்துக் காட்டினார்.

இணைப்பு வரவில்லை என்றால் யாரையும் கூப்பிடும் முன் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, மைஎஸ்க்யூஎல் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரு வரிக் கட்டளைதான். 'கரப்ட்' என்று யாராவது சொன்னால் பிழைப் பதிவில் எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எதையும் தொடும் முன் தரவுக் கோப்புறையை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள். அவர் கிளம்பியதும் 3306 எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் மறுநாள் காலை பேக்கப் கோப்பின் அளவையும் பாருங்கள். தேதி மட்டும் போதாது.