விடாமல் மருந்தா, விட்டு விட்டு மருந்தா?

உடலில் பரவி, ஹார்மோன் ஊசிக்கும் அடங்காத புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அபிராடெரோன் மாத்திரை தருவார்கள். அதை எப்படித் தருவது என்பதில் இப்போது இரண்டு கட்சி.

வழக்கமான முறையில் தினமும் 1000 மில்லிகிராம், நோய் மறுபடி தலைதூக்கும்வரை இடைவெளியே கிடையாது. எத்தனை செல் செத்தாலும் லாபம் என்பது கணக்கு. ஆனால் மருந்துக்குப் பணிகிற செல்கள் ஒழிந்ததும், பணியாத கொஞ்சநஞ்ச செல்களுக்குப் போட்டியே இல்லாமல் போகிறது. பூச்சிமருந்து விடாமல் அடித்த முட்டைக்கோஸ் தோட்டத்தில் மருந்துக்குச் சாகாத வைரமுதுகு அந்துப்பூச்சி பெருகுவதும் இப்படித்தான். ஃபுளோரிடாவில் மாஃபிட் புற்றுநோய் மையத்தின் ராபர்ட் கேட்டன்பி இந்தப் பூச்சியையே உதாரணம் காட்டினார்.

அவர் குழு கட்டியைப் பரிணாம விளையாட்டாகப் பார்த்தது. மூன்று ஆட்டக்காரர்கள். ஒரு வகை செல்லுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து வர வேண்டும். இன்னொன்று தானே தயாரிக்கும். அதில் கசிவதை முதல் வகை ஓசியில் குடித்துப் பிழைக்கும். மூன்றாவதுக்கு அது தேவையே இல்லை. அபிராடெரோன் அந்தத் தயாரிப்பை நிறுத்துகிறது, அதனால் அடி விழுவது முதல் இரண்டுக்கும்தான். சரி, மூன்றாவதை யார் அடக்குவது? அந்த இரண்டையும் கொஞ்சம் வாழவிட்டால் அவையே நெருக்கி அடக்கும்.

நடைமுறை எளிது. பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதம், நோயின் அளவை அதை வைத்துக் கணிப்பார்கள். தொடக்கத்தில் அது 40 என்றால், 20-க்கு இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவார்கள். மறுபடி 40-ஐத் தொட்டால் தொடங்குவார்கள். 2022-இல் வந்த முடிவுகளில், இப்படிச் சிகிச்சை பெற்ற 17 பேருக்கு நோய் முற்ற எடுத்த இடைநிலைக் காலம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு) 33.5 மாதம், வழக்கமான முறையில் இருந்த 16 பேருக்கு 14.3 மாதம். முதல் 11 பேரை வைத்து 2017-இல் சொன்ன கணக்குப்படி உட்கொண்ட மருந்தின் அளவும் வழக்கமான முறையில் பாதிக்குக் கீழே.

ஆட்கள் குறைவு, குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை. இதை வைத்து யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. குணமாக்க முடிகிற விந்தகப் புற்றுநோயிலும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயிலும் முழு வேகத்தில் அடிப்பதே சரி. குணமாகாது என்று தெரிந்துவிட்ட நிலையில்தான் என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது.

அதற்கு ஒரு விலை உண்டு. மாத்திரை கையில் இருக்க, 20, 28, 35 என்று ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நோயாளி சும்மா இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தும் முன்பே, இந்த ஏற்றம் எதற்கு என்று அவருக்கும் வீட்டாருக்கும் மருத்துவர் உட்கார்ந்து சொல்லியாக வேண்டும்.