முதல் பத்து ரசீது: தெருவில் நடப்பதா, ஆடிட்டரைப் பிடிப்பதா, டாலருக்கு விற்பதா?

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்குக் கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதி விற்கிறேன். எழுதுவது, விற்பது, ராத்திரி பதினொரு மணிக்கு வரும் போனை எடுப்பது எல்லாம் நான் ஒருவன்தான். இதே மாதிரி தனியாகக் கிளம்பியிருக்கும் ஒரு தம்பி போன வாரம் காட்பாடியில் டீ குடிக்கும்போது கேட்டார்: "சாஃப்ட்வேர் ரெடிண்ணா. காசு குடுக்கிற முதல் பத்து பேரை எங்க புடிக்கிறது?" நான் நாலு வழியிலும் போய்ப் பார்த்தவன். அன்றைக்கு டீ ஆறுவதற்குள் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

தெருவில் நடப்பது

லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம் என்று லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவது. ஒரு நாளைக்கு ஆறு லாட்ஜ் பார்த்தால் அதிகம். காலையில் போகவே கூடாது. காட்பாடியில் ரயில் இறங்கிய கூட்டம் பெட்டி படுக்கையோடு ரிசப்ஷனில் நிற்கும். நம்மைப் பார்த்தாலே மேனேஜருக்கு எரிச்சல் வரும். மதியம் மூன்று மணிதான் சரியான நேரம்.

லாட்ஜுக்கு மென்பொருளா இல்லை, நிறைய இருக்கிறதே என்று கேட்கலாம். அவையெல்லாம் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. வருகிற தேதி, கிளம்புகிற தேதி இரண்டையும் முதலிலேயே கேட்கும். என்னுடைய முதல் பதிப்பும் அப்படித்தான் கேட்டது. ஒரு வாரம் கழித்து ஒரு லாட்ஜில் போய்ப் பார்த்தால், தங்கியிருந்த அத்தனை பேருக்கும் கிளம்பும் தேதி டிசம்பர் 31 என்று இருந்தது. மேனேஜர் சிரித்தார். "இவங்க எப்ப கிளம்புவாங்கன்னு இவங்களுக்கே தெரியாது தம்பி. ஸ்கேன் ரிப்போர்ட் வரணும், டாக்டர் பாக்கணும். நீ தேதி இல்லாம உள்ளயே போவ மாட்டேன்னு அடம் புடிச்சா நான் இன்னா பண்றது?"

அந்த ஒரு மதியத்தில் கற்றது அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் கற்றதைவிட அதிகம். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மூன்று நாள் என்று வருகிறவர் முப்பது நாள் இருப்பார். அறையிலேயே சமைப்பார், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனி வாடகை. சிலர் அன்றன்றைக்குக் கொடுப்பார்கள், சிலர் ஊரிலிருந்து பணம் வந்ததும் மொத்தமாகக் கட்டுவார்கள். வங்கதேசத்துக்காரர் என்றால் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும், ஃபார்ம் சி என்று எல்லோரும் சொல்லும் படிவத்தின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மேனேஜருக்கு உண்மையான தலைவலி அதுதான். முதலாளியிடம் "வருமானம் கூடும்" என்று நான் பேசியது எதுவும் எடுபடவில்லை. மேனேஜரிடம் "ஃபார்ம் சி-க்கு வேண்டிய விவரத்தை ஒரே தடவை அடித்தால் போதும்" என்றபோது நாற்காலி போட்டார்.

ஒரு கிளைக்கதை. இன்று உலகம் முழுக்கப் பணப் பரிமாற்றம் செய்யும் ஸ்ட்ரைப் நிறுவனத்தைத் தொடங்கிய கொலிசன் சகோதரர்கள், ஆரம்பத்தில் யாராவது பயன்படுத்திப் பார்க்கிறேன் என்று தலையாட்டினால் லிங்க் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பிரிய மாட்டார்களாம். லேப்டாப்பைக் கொடுங்கள் என்று வாங்கி அங்கேயே பொருத்திக் கொடுப்பார்களாம். பாபு ராவ் தெருவிலும் அதே கதைதான். ஆனால் இங்கே லேப்டாப் இருக்காது. சிசிடிவி ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும், அதில் இடம் காலி பண்ணித்தான் உட்கார வேண்டும்.

இலவசமாகக் கொடுத்துப் பழக்குவதா, முதல் நாளே காசு கேட்பதா என்பது இந்த வழிக்குள் ஒரு தனிச் சண்டை. முதலில் ஒரு மாதம் இலவசம் என்று ஆறு லாட்ஜுக்குக் கொடுத்தேன். முதல் வாரத்துக்கு அப்புறம் யாரும் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை. மரியாதைக்கு "நல்லாக்கீது தம்பி" என்றார்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாய் என்று வைத்தேன். மூன்று பேர்தான் கொடுத்தார்கள், ஆனால் மூன்று பேரும் போன் போட்டுத் திட்டினார்கள். எனக்குத் தேவைப்பட்டது அந்தத் திட்டுதான். காசு வாங்காமல் கொடுப்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

மாதச் சந்தா இன்னொரு கண்ணி. மாதம் 500 என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை போய் நிற்க வேண்டும், பன்னிரண்டு தடவையும் "நாளைக்கு வா தம்பி". 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியபின் கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு முன்னறிவிப்பு, ஒப்புதல் என்று பல படிகள் வந்துவிட்டன. யுபிஐ ஆட்டோபே இருக்கிறது, சரி. ஆனால் தன் கணக்கிலிருந்து கேட்காமல் பணம் போவதை எந்த லாட்ஜ் முதலாளி ஒத்துக்கொள்வார்? வருஷத்துக்கு 5,000 என்று மாற்றினேன். யுபிஐ-யில் ஒரே தடவை. நடுவில் யாருக்கும் கமிஷன் இல்லை.

ஆடிட்டர் வழி

லாட்ஜ்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் மூலமாக விற்பது. இந்த வழியை நான் ரொம்ப நாள் கேவலமாக நினைத்திருந்தேன். தப்பு. நம் நாட்டில் கணக்கு மென்பொருள் என்றாலே டாலிதான். 1986-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஊர் ஊராக விற்பனைக் கூட்டாளிகளை வைத்துத்தான் கடைகளுக்குள் நுழைந்தது. சிறு வியாபாரி பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கணக்குப் பார்க்கிறவர் பேச்சைத்தான் கேட்பார்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரு தேதியும் உண்டு. 2022 ஜூலை 18 வரை, ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அன்றைக்கு அந்த விலக்கு போய் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆனது. நானூறு, அறுநூறு என்று அறை விடும் லாட்ஜ்களில் ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியவை எல்லாம் 2022-இல் ஆடிட்டர் ஆபீஸ் படி ஏறின. படி ஏறியவர்கள் கையில் இருந்தது நீள நோட்டுப் புத்தகம். அதைப் பார்த்து டாலியில் அடிக்க உட்கார்ந்த அக்கவுண்டன்ட்தான் எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார்.

அந்த ஆபீஸில் கமிஷன் பேச்சே எழவில்லை. கேட்டது ஒன்றுதான்: நோட்டைப் பார்த்து மறுபடி அடிக்காமல் டாலிக்குள் ஏறும்படி எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொடு. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமே நாலு லாட்ஜ் வந்தன. ஒருவரும் பேரம் பேசவில்லை, ஒருவரும் "யாருப்பா நீ" என்று கேட்கவில்லை. நடந்து பிடித்த மூன்று பேருக்கு மூன்று மாதம் ஆனது என்பதை நினைத்தால் கொஞ்சம் வயிறு எரிந்தது.

குறையும் உண்டு. அந்த நாலு பேரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. மாதக் கடைசியில் ஆடிட்டருக்கு அனுப்ப மட்டும் திறப்பார்கள். தவிர நாலு பேரும் ஒரே கயிற்றில் கட்டிய நாலு குடம். ஆடிட்டருக்கு என் மேல் மனக்கசப்பு வந்தால் நாலும் ஒரே நாளில் போய்விடும். 2025-இல் வரி மாறியபோது ராத்திரியோடு ராத்திரியாக விகிதத்தை மாற்றி விட்டதற்குப் பாதி காரணம் அந்தப் பயம்தான்.

இந்த வழியில் முதலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருக்கிறேன். டிசம்பர் 31 பிரச்சினை என் காதுக்கே வந்திருக்காது.

ஆம்பூர் ஆர்டர்

ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ தொழில் இருக்கிறது. யாராவது ஒருவர் கூப்பிட்டு "எங்களுக்கு மட்டும் ஒன்று எழுதிக் கொடு" என்பார். எனக்கும் வந்தது. பெயர் வேண்டாம். முன்பணமாக வந்த தொகை என் எட்டு மாத லாட்ஜ் வசூலைவிட அதிகம். அதற்கப்புறம் ஐந்து மாதம் நான் லாட்ஜ் பக்கமே போகவில்லை. பாக்கிப் பணமோ "அக்கவுண்ட்ஸில் சொல்லியாச்சு" என்ற நிலையிலேயே நின்றது. சம்பளம் இல்லாத சம்பளக்காரன் ஆனேன்.

இப்படி வேலை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள்: குறு, சிறு தொழில்களுக்கு அரசு காசில்லாமல் தரும் உத்யம் பதிவை முதலில் எடுத்துவிட்டு, அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை 15 நாளுக்குள், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால், உண்மையில் பணம் தரும் வருஷத்தில்தான் அந்தச் செலவை அவர்கள் கணக்கில் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இதை அவர்கள் அக்கவுண்டன்டிடம் மெதுவாக நினைவூட்டினேன். பணம் வந்தது.

டாலர்

இணையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பது. இதுதான் எல்லோருக்கும் ஆசை. எனக்கும்தான். பிடிஎஃப் கோப்புகளுக்கு உள்ளே இருப்பதைப் படித்துப் பெயர் மாற்றும் ஒரு சின்னக் கருவியை மாதம் 15 டாலருக்குப் போட்டேன். கணக்கைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். வருஷம் 5,000 தரும் லாட்ஜ் நூறு பிடித்தாலும் 5 லட்சம்தான். நூறு லாட்ஜ் பிடிக்க எத்தனை செருப்பு தேயும்? அங்கே ஐம்பது பேர் போதும். மாதம் 15, வருஷத்துக்கு 9,000 டாலர்; டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டாலே 7,65,000.

இதில் கழிவு உண்டு. நமக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேடில் மாதிரியான சேவை ஒவ்வொரு நாட்டு வரியையும் தானே பிடித்துக் கட்டிவிடும். அந்தத் தொல்லை நமக்கில்லை. அதற்கு ஒரு விற்பனைக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும் எடுக்கும். 15 டாலரில் ஒன்றேகால் டாலர், எட்டு சதவீதத்துக்கு மேல். ஆரம்பத்தில் நான் வைத்திருந்த 5 டாலர் விலைக்கு அது 15 சதவீதம் ஆனது. விலை மலிவாக இருந்தால் ஆள் வருவார்கள் என்று நினைத்து அந்த 50 சென்ட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னைத் தோற்கடித்தது கழிவு இல்லை. பதினொரு மாதத்தில் பத்தொன்பது பேர் வந்தார்கள், பன்னிரண்டு பேர் போனார்கள். ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. மெயில் போட்டால் பதில் இல்லை. லாட்ஜ் மேனேஜர் மாதிரி நாற்காலி போட்டுச் சிரித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், இந்த வழியில் ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாங்களே தினமும் பயன்படுத்தும் கருவியை விற்கிறவர்கள் அவர்கள். ஒரு நிரலாளர் மற்ற நிரலாளர்களுக்கு விற்கும்போது தெருவில் நடக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் எரிச்சல் தன் உடம்பிலேயே இருக்கிறது. நானோ பிடிஎஃப்-க்குப் பெயர் மாற்றும் வேலையை வாழ்க்கையில் இரண்டு தடவைதான் செய்திருப்பேன்.

எதை எப்போது

அந்தத் தம்பி செய்திருப்பது அரிசி மண்டிக்கான எடைச்சீட்டுக் கணக்கு. அவருக்கு நான் சொன்னது: முதல் ஐந்து பேரை நடந்தே பிடி, ஆடிட்டர் பக்கம் போகாதே. ஐந்தாவது ஆளிடம் கேட்கும் குறை முதல் ஆள் சொன்ன குறையாகவே இருக்கிறதா, அப்போது நடையை நிறுத்திவிட்டு ஆடிட்டர் ஆபீஸ் படி ஏறு. டாலரை இப்போதைக்கு மற. ஆம்பூரிலிருந்து போன் வந்தால் எனக்கு ஒரு தடவை போன் பண்ணிவிட்டு அப்புறம் சரி சொல்லு.

என் ரசீதுப் புத்தகத்தில் இன்றைக்கு 31 பெயர்கள். நடந்து பிடித்தது 14, அந்தப் பதினாலு பேர் சொல்லி வந்தது 9, ஆடிட்டர் வழி 8. டிசம்பர் 31 மேனேஜர் இப்போது ரசீது பெங்காலியில் வருமா என்று கேட்கிறார். வரும், வருஷத்துக்கு 500 கூட ஆகும் என்றேன். "எழுதிக்கோ, ஆனா துட்டு நாளைக்கு" என்றார்.