இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்று 1,38,000 ரூபாய்க்கு ஏமாந்த கதை

வேளச்சேரியில் மாடி வீடு. படுக்கையறை மேற்குப் பார்த்தது. சித்திரை வைகாசியில் மூன்று மணிக்கு மேல் அந்த அறைக்குள் இருக்க முடியாது, ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும். பழைய மரச் சட்டங்களைக் கரையான் வேறு அரித்துவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், வெப்பத்தைத் தடுக்கிற யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னலாகவே போட்டுவிடலாம் என்று போன வருடம் இறங்கினேன். இப்போது யாராவது அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

விற்க வந்தவர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே சூடான விளக்கு, எதிரே இரண்டு கண்ணாடிகள். சாதாரணக் கண்ணாடிக்கு முன்னால் கையை வைத்தால் சுட்டது. நடுவே இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடியைச் சேர்த்த அவருடைய இரட்டைக் கண்ணாடிக்கு முன்னால் சூடே தெரியவில்லை. அம்மாவையும் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன். அங்கேயே முடிந்துவிட்டது வியாபாரம்.

ஆறு ஜன்னல், ஒவ்வொன்றும் நாலுக்கு ஐந்து அடி, சதுர அடி 1,150 ரூபாய். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்றார். 24,840 ரூபாய் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மாட்டி முடித்த பிறகு தெருச் சத்தம் குறைந்தது, அதை மறுக்க மாட்டேன். வெயில் மட்டும் அப்படியே வந்தது. ஏசி பழையபடியே ஓடியது. ‘ரூம் குளிர ஒரு வாரம் ஆகும் சார்’ என்றார் விற்றவர். ஒரு மாதம் காத்திருந்தேன்.

கட்டடக் கண்ணாடி வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் ராத்திரி சாப்பிட வந்தபோது விஷயம் புரிந்தது. லைட்டரைப் பற்றவைத்துக் கண்ணாடி அருகே பிடித்தார். இரண்டு கண்ணாடிக்கு நான்கு பரப்பு, அதனால் நான்கு சுடர் தெரிந்தது. ‘நாலும் ஒரே நிறம், பார்த்தியா? வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிற லோ-ஈ பூச்சு இருந்தால் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரியும். இது வெறும் கண்ணாடி ரெண்டு’ என்றார். பெட்டியில் இருந்த சாம்பிள் பூச்சுக் கண்ணாடியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அதுவல்ல.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ஜன்னலுக்கு இரண்டு எண்கள் உண்டு. யு-வேல்யூ என்பது உள்ளே வெளியே இருக்கும் வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பம். ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.7, வெறும் இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 2.8. விற்பவர் வெப்பம் ‘பாதிக்குப் பாதி’ குறையும் என்று சொன்னது இதைத்தான், அதில் பொய் இல்லை. ஆனால் மேற்கு வெயில் நேராக விழும் வீட்டில் பெரிய சுமை கண்ணாடியை ஊடுருவி வரும் கதிர். அதற்கான எண் எஸ்எச்ஜிசி, அதாவது கண்ணாடியில் விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8 அளவில் இருக்கும், வெறும் இரட்டைக் கண்ணாடி போட்டாலும் 0.7 பக்கம்தான் நிற்கும். வெயிலைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு இருந்தால்தான் 0.4-க்குக் கீழே இறங்கும். அந்தப் பூச்சும் வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். பனி கொட்டும் ஊர்க்காரர்கள் யு-வேல்யூவைப் பார்த்து வாங்கினால் நியாயம். சென்னையில் மேற்கு ஜன்னலுக்கு நான் முதலில் எஸ்எச்ஜிசியைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

என் கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். ‘டபுள் கிளாஸ் வித் ஃபிட்டிங்’. அவ்வளவுதான். கண்ணாடிக் கம்பெனி பெயர் இல்லை, தடிமன் இல்லை, பூச்சு இல்லை, எந்த எண்ணும் இல்லை. வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

கூத்து அதோடு முடியவில்லை. ஐப்பசி மழைக் காற்றில் ஹால் ஜன்னல் ஆடியது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்தேன், நழுவி விழுந்தது. யுபிவிசி சட்டத்துக்குள் விறைப்புக்காக இரும்புப் பட்டை வைப்பார்கள், இருந்தால் காந்தம் இழுக்கும். நடுச்சட்டத்தில் அது இல்லவே இல்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இடைவெளியை அடைக்கிற ஃபோம் அடிக்காமல் சிமெண்டைப் பூசி, மேலே சிலிகான் இழுத்திருந்தார்கள். இரண்டு இடத்தில் தண்ணீர் கசிந்தது.

‘பத்து வருட வாரண்டி’ அட்டையை நீட்டினால், அது சட்டத்தின் நிறத்துக்கு மட்டுமாம். நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார் நண்பர். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் என்ன வாங்கினேன் என்று காட்டப் பில் எங்கே? 24,840 ரூபாய் மிச்சம் பிடித்த மகராசன் நான். ஜிபே ரசீதுகளையும் வாட்ஸ்அப் பேச்சையும் சேர்த்து வைத்திருக்கிறேன், நிற்குமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் அம்மா 1,800 ரூபாய்க்கு ஒரு மூங்கில் தட்டி வாங்கி, மேற்கு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறது. ஜன்னலுக்குக் கொடுத்த பணத்தில் கிடைக்காத குளிர்ச்சி அதில் கிடைத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது.

கார்த்திகையில் ஹால் ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே நீர்த்திவலை படிந்தது. மகள் உள்ளே இருந்தும் துடைத்தாள், வெளியே போயும் துடைத்தாள், போகவில்லை. ஓரத்து சீல் விட்டுப்போனால் ஈரம் இப்படி உள்ளே புகுந்துவிடும், கண்ணாடியை மொத்தமாக மாற்றுவதுதான் வழி. படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது: ‘வெயில் காலம் வந்தா சரியாயிடும் சார்.’