"நோ அப்ஜெக்‌ஷன் லெட்டர் வாங்கித் தருகிறோம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்

அமெரிக்காவில் சின்ன ஊர் மருத்துவமனைகளுக்கு டாக்டர், நர்ஸ் எடுக்கும் வேலையில் இருப்பவர்களும், ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் எடுக்கும் மேற்பயிற்சி, முடிக்கப் போகிற டாக்டர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு மருத்துவமனைக்கு நடக்கக் கூடாது.

நான் ஒரு கிராமப்புற மருத்துவமனையில் டாக்டர்கள் நியமனத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஓர் இன்டர்னல் மெடிசின் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்) டாக்டருக்காக இரண்டு வருடம் தேடி, 2024 ஆகஸ்டில் ஒருவர் கிடைத்தார். ஜே-1 விசா, 2025 ஜூன் 30-இல் ரெசிடென்சி முடிகிறது. ஊரைப் பார்க்க மனைவியோடு வந்தவர், வார்டில் இருந்த ஒரு வயதான நோயாளியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், அன்றைக்கே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டோம். விசா வேலைக்கென்று எங்களிடம் தனியாக ஆள் இல்லை. மருத்துவமனைகளுக்கு இமிக்ரேஷன் பிளானிங் முழுவதையும் செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் முன்பணம் கட்டி, எல்லாக் கோப்புகளையும் ஒப்படைத்தோம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஜே-1 விசாவில் வந்து இங்கே மருத்துவப் பயிற்சி எடுத்தவர், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதிலிருந்து விலக்கு, அதாவது வெயிவர், கிடைக்காமல் ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாற முடியாது, கிரீன் கார்டும் வாங்க முடியாது. கிராமப்புற மருத்துவமனைகள் பெரும்பாலும் நம்பியிருக்கும் வழி கான்ராட் 30. 1994-இல் வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த திட்டம் இது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம். டாக்டர் தட்டுப்பாடு உள்ளதாக அரசு அறிவித்த பகுதியில் மூன்று வருடம் முழுநேரம் வேலை செய்ய வேண்டும். அரசின் வருடக் கணக்கு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, சில மாநிலங்களில் விண்ணப்பம் திறந்த சில நாட்களிலேயே 30 இடமும் போய்விடும், சிலவற்றில் வருடக் கடைசி வரைக்கும் காலி இருக்கும். உங்கள் மாநிலம் இதில் எந்த வகை என்பது தெரியாமல் ஒரு திட்டமும் போட முடியாது.

இதை நான் இப்போது தெளிவாக எழுதுகிறேன். அப்போது எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. தெரிந்தவர்கள் என்று நம்பித்தானே பணம் கட்டினோம்?

செப்டம்பரில் அவர்களிடம் கேட்டபோது, மாநிலத்துக்கெல்லாம் விண்ணப்பிக்க வேண்டாம், டாக்டரின் நாட்டுத் தூதரகத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வெளியுறவுத் துறைக்கு அனுப்பினால் போதும், அதுதான் சுலபம் என்றார்கள். மற்ற பல ஜே-1 காரர்களுக்கு அந்த வழி உண்டு. மருத்துவப் பயிற்சிக்காக ஜே-1-இல் வந்த டாக்டர்களுக்குச் சட்டப்படியே கிடையாது. இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிற யாருக்கும் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. கடிதம் கிடைக்கத் தாமதமானால் மார்ச்சில் ஹெச்-1பி-க்கு ஆள் தேர்ந்தெடுக்க நடக்கும் குலுக்கலில், அதாவது லாட்டரியில், பெயர் போட்டுவிடலாம் என்றும் சொன்னார்கள். வெயிவர் இல்லாதவருக்கு லாட்டரியில் விழுந்தும் பயனில்லை. கான்ராட் வெயிவர் கிடைத்தவருக்கோ லாட்டரியே தேவையில்லை, அவர் ஹெச்-1பி-யின் வருடாந்தர உச்சவரம்பில் சேர மாட்டார். ஆக, அவர்கள் சொன்ன இரண்டு வழியும் எங்கேயும் போய்ச் சேராத வழி.

அக்டோபர் 1 எங்களுக்குச் சாதாரண செவ்வாய்க்கிழமையாகக் கடந்து போனது.

டிசம்பரில் டாக்டரே எனக்கு போன் செய்தார். அவருடைய சீனியர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுப் பதறிப்போய், அந்தக் கடிதம் உனக்குச் செல்லாது, உடனே வேறு வக்கீலைப் பார் என்று சொல்லியிருக்கிறார். நான் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினார்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை. அவர்கள் அனுப்பியிருந்த காகிதங்களைத் தேடியபோதுதான் இன்னொன்று புரிந்தது: எதிலும் ஒரு வக்கீலின் பெயர் இல்லை. இமிக்ரேஷன் வழக்கில் யார் உங்களுக்காக ஆஜராகிறாரோ அவர் ஜி-28 என்ற படிவத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு படிவமே எங்கள் கோப்பில் இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல், ஹெச்-1பி வக்கீல் கட்டணம் என்று சொல்லி எங்களுக்குத் தெரியாமல் டாக்டரிடமும் பணம் வாங்கியிருந்தார்கள். அந்தச் செலவு வேலை கொடுப்பவருடையது, அதை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. பணம் கேட்டபோதே அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். புது வேலை, கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கியிருக்கிறார். டாக்டர்களே, இந்தத் தயக்கம் வேண்டாம், மருத்துவமனையிடம் நேராகக் கேளுங்கள்.

ஜனவரியில் ஒரு நல்ல வக்கீலைப் பிடித்தோம். அவர் முதலில் கேட்டது எங்கள் மாநிலத்தில் இன்னும் இடம் இருக்கிறதா என்றுதான். சுகாதாரத் துறையில் விசாரித்தோம், 30-ம் முடிந்திருந்தது. மத்திய சுகாதாரத் துறை வழியாக இன்னொரு வெயிவர் உண்டு, இன்டர்னல் மெடிசினும் அதில் வரும், ஆனால் பகுதியின் தட்டுப்பாட்டு மதிப்பெண் குறைந்தது 7 இருக்க வேண்டும். எங்களுக்கு அது இல்லை. ரெசிடென்சி முடிந்தால் ஜே-1-இல் கிடைப்பது 30 நாள் அவகாசம் மட்டும், கைக்குழந்தையோடு அவர் எத்தனை நாள் காத்திருப்பார்? இடம் மீதமிருந்த வேறொரு மாநிலத்துக்குப் போய்விட்டார். நாங்களேதான் அந்த மருத்துவமனையோடு அவரைப் பேச வைத்தோம். எங்கள் நோயாளிகள் இன்றைக்கும் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய் வேறு ஊரில் டாக்டரைப் பார்க்கிறார்கள். எனக்கு இதுதான் மனசை விட்டு அகலவில்லை.

அதே நிறுவனம் எட்டு மாதத்தில் இந்தியாவிலிருந்து நர்ஸ்களைக் கொண்டுவருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தது. நர்ஸ்களுக்குத் தொழிலாளர் துறையின் நீண்ட சான்றிதழ் நடைமுறை தேவையில்லை, அதுவரை உண்மை. அதற்குப் பிறகு இபி-3 என்ற வேலைவாய்ப்பு கிரீன் கார்டு வரிசையில் விசா எண் வர வேண்டும், அதில் இந்தியர்களின் காத்திருப்பு பத்து வருடத்தைத் தாண்டி நிற்கிறது. 2024 செப்டம்பரில் அந்த வருடத்து இபி-3 எண்களே தீர்ந்துபோய் விசா கொடுப்பதையே நிறுத்தினார்கள். எட்டு மாதம் என்று எந்தக் கணக்கில் சொன்னார்கள்?

இப்போது இந்தத் தவறுக்கு விலை இன்னும் அதிகம். 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக ஹெச்-1பி மனு போட்டால் 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. நாட்டுக்குள்ளேயே இருந்து விசா நிலையை மாற்றிக்கொள்பவருக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை பிறகு விளக்கியது. அப்படியானால் ஜே-1 டாக்டர் தேதி தவறி ஊருக்குப் போக நேர்ந்தால் சின்ன மருத்துவமனையால் அவரைத் திரும்பக் கூப்பிட முடியுமா? எங்களால் முடியாது.

யாரிடம் வேலையைக் கொடுப்பதானாலும் ஜி-28-இல் கையெழுத்துப் போடப் போகிற வக்கீலின் பெயரைக் கேட்டு, அவர் பதிவு செய்திருக்கும் மாநில வக்கீல்கள் அமைப்பின் (ஸ்டேட் பார்) இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். டாக்டர் வேலை செய்யப் போகிற கட்டடத்தின் முகவரியை, தலைமை அலுவலக முகவரியை அல்ல, தட்டுப்பாட்டுப் பகுதிப் பட்டியலில் அவர் சரிபார்த்தாரா என்று கேளுங்கள். உள்ளூரில் ஆள் தேடிய விளம்பரங்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள், பல மாநிலங்கள் அதைக் கேட்கும். அடுத்த வருடம் ஜூலையில் சேரப் போகிற டாக்டருக்கு இந்த வருடம் கோடையிலேயே ஒப்பந்தம் கையெழுத்தாகி இருக்க வேண்டும்.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று கடிதம் போட்டோம், பதில் இல்லை. டாக்டர் கொடுத்த தொகையை மருத்துவமனையே அவருக்குத் திருப்பித் தந்துவிட்டது. 2025 அக்டோபர் 1 காலையில் இன்னொரு டாக்டரின் கோப்பு மாநில சுகாதாரத் துறைக்குப் போனது, இந்த முறை முதல் நாளே.