அமர்வை ஒழுங்காக முடித்தல்: ஸ்வே டெஸ்க்டாப்பில் சிஸ்டம்டி பயனர் சேவைகள், ஒரு நீண்டகால அனுபவம்

டெபியன் லினக்ஸில் ஸ்வே என்ற காம்போசிட்டரை (திரையில் சாளரங்களை அமைத்துக் காட்டும் நிரல்) சில ஆண்டுகளாக என் அன்றாட டெஸ்க்டாப்பாகப் பயன்படுத்தி வருகிறேன். க்னோம், கேடிஇ பிளாஸ்மா ஆகியவற்றைப் போல எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் சூழல் அன்று இது. சாளரங்களை வரைவதும் அடுக்குவதும்தான் இதன் வேலை. மேற்பட்டைக்கு வேபார், அறிவிப்புகளுக்கு மேக்கோ, கணினி சும்மா இருக்கும் நேரத்தைக் கவனித்துத் திரையைப் பூட்ட ஸ்வேஐடில், வெளித்திரையை இணைக்கும்போது அமைப்பை மாற்ற கான்ஷி, தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்று ஒவ்வொன்றையும் பயனரே தேர்ந்தெடுத்துத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டும். இந்தப் பொறுப்பு முழுவதையும், லினக்ஸில் சேவைகளை (பின்னணி நிரல்களை) தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் பயனர் மேலாளரிடம் ஒப்படைத்துப் பழகியதில் எனக்கு ஏற்பட்ட முடிவு இதுதான்: சேவைகளைத் தொடங்குவதற்குப் பல வழிகள் போதும், அவற்றை உரிய வரிசையில், எதையும் சிதைக்காமல் நிறுத்துவதற்குத்தான் ஒரு மேலாளர் உண்மையில் தேவைப்படுகிறார்.

பெரும்பாலோர் செய்வது போல, ஸ்வேயின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் 'எக்செக்' வரி எழுதிவிட்டால் காலையில் எல்லாம் வந்துவிடும். ஆனால் அப்படித் தொடங்கிய நிரல் ஒன்று இடையில் விழுந்தால் அதைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. அது எழுதிய பிழைச் செய்திகள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, வெளியேறும் கணத்தில் நடப்பது. காம்போசிட்டர் முதலில் இறக்கிறது. அதோடு வேலண்ட் (நிரல்களும் காம்போசிட்டரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நிரலுக்கும் இணைப்பு அறுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை பிழைக் குறியீட்டோடு அந்த இடத்திலேயே விழுகின்றன. சேமிப்பதற்கு ஒரு நொடி கிடைத்திருந்தால் சேமித்திருக்கக்கூடிய நிரலும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தே போய்விடுகிறது.

இங்கே ஓர் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பல குழப்பங்களுக்கு மூலம் அதுவே. சிஸ்டம்டியின் பயனர் மேலாளர் ஒரு பயனருக்கு ஒன்றுதான். ஓர் அமர்வுக்கு ஒன்று அன்று. முதல் முறை லாகின் செய்யும்போது அது பிறக்கிறது. கடைசி அமர்வும் முடிந்த பிறகே, அதுவும் இயல்பிருப்பில் 10 நொடி காத்திருந்த பிறகே, லாகின் அமர்வுகளைக் கவனிக்கும் லாகின்டி அதை நிறுத்துகிறது. டெஸ்க்டாப்பிலிருந்து வெளியேறி உடனே மீண்டும் நுழைகிறவருக்கு, அல்லது வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் இணைப்பு திறந்திருப்பவருக்கு, பழைய மேலாளரே கிடைக்கிறது. அதன் நினைவில் பழைய சூழல் மாறிகள் (நிரல்களுக்குத் தரப்படும் பெயரிட்ட அமைப்பு மதிப்புகள்) இருக்கும். நிறுத்தப்படாத பழைய சேவைகளும் இருக்கும். 'மறுபடி லாகின் செய்தால் சரியாகிவிடும்' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வைத்தியம் சில வேளைகளில் பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

அமர்வுக்கும் மேலாளருக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே கிராபிக்கல்-செஷன் டார்கெட் என்ற ஒன்றைச் சிஸ்டம்டி வைத்திருக்கிறது. டார்கெட் என்பது பல சேவைகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு பெயர். வரைகலை அமர்வு ஒன்று உயிரோடு இருக்கிறது என்பதைக் குறிக்கும் அடையாளம் இந்த டார்கெட். அதை நேரடியாகக் கட்டளையிட்டுத் தொடங்க முடியாது, மறுத்துவிடும். நமது டெஸ்க்டாப்புக்கென்று தனி டார்கெட் ஒன்றை, என் கணினியில் ஸ்வே-செஷன் டார்கெட், எழுதி, அது 'பைன்ட்ஸ்டூ' வரியின் மூலம் பொது டார்கெட்டைப் பிடித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். முதலில் இது வீண் சுற்றாகத் தெரியும். ஆனால் ஒரே பயனர் ஒரு நாள் க்னோமிலும் மறுநாள் ஸ்வேயிலும் நுழைகிறார் என்றால், இரண்டுக்கும் பொதுவான சேவைகள் பொது டார்கெட்டிலும், ஸ்வேக்கு மட்டும் உரிய மேற்பட்டை ஸ்வேயின் டார்கெட்டிலும் தொங்கும்படி பிரித்து வைக்க இந்தச் சுற்றுதான் வழி கொடுக்கிறது.

மேக்கோவுக்கு நான் எழுதி வைத்திருக்கும் யூனிட் கோப்பில் (ஒரு சேவையைச் சிஸ்டம்டிக்கு விவரிக்கும் கோப்பு) மூன்று வரிகள்தான் முக்கியமானவை. 'பார்ட்ஆஃப்' வரியில் கிராபிக்கல்-செஷன் டார்கெட்டின் பெயர் இருக்கிறது. டார்கெட் நிறுத்தப்பட்டால் இந்தச் சேவையும் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் பொருள். 'ஆஃப்டர்' வரியிலும் அதே பெயர். டார்கெட் எழுந்த பிறகே சேவை எழும். 'வான்டெட்பை' வரி, டார்கெட் எழும்போது சேவையையும் எழுப்பச் சொல்கிறது. இம்மூன்றில் இரண்டாவது வரியைப் பலர் தொடக்கத்துக்கான வரி என்று மட்டுமே எண்ணுகிறார்கள். சிஸ்டம்டியில் நிறுத்தும் வரிசை, தொடங்கும் வரிசையின் நேர் தலைகீழ். பின்னால் எழுந்தது முன்னால் நிறுத்தப்படும். ஆகவே அந்த ஒரே வரி, வெளியேறும்போது மேக்கோவை முதலிலும், டார்கெட்டை அதன் பிறகும், டார்கெட்டுக்கு முன்பே எழும்படி எழுதப்பட்ட காம்போசிட்டரை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் நிறுத்த வைக்கிறது. திரை உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு சேவைக்கும், முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் போய்ச் சேர்கிறது. எழுதியதைச் சேமிக்கவும், சாக்கெட்டை மூடவும், பூட்டுக் கோப்பை அழிக்கவும் அவகாசம் கிடைக்கிறது.

இந்த வரிசை உண்மையில் நடக்கிறதா என்பதை நேரில் பார்ப்பது நல்லது. பக்கத்துக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, பயனர் ஜர்னலை (சிஸ்டம்டியின் செய்திப் பதிவேடு) ஓடவிட்டுக்கொண்டு, டெஸ்க்டாப்பில் வெளியேறும் கட்டளையைக் கொடுங்கள். ஒழுங்கான அமைப்பில் முதலில் வேபார், மேக்கோ, கான்ஷி ஆகியவை நிறுத்தப்பட்ட செய்திகள் வரும். அடுத்து 'நடப்பு வரைகலை அமர்வு' என்ற விவரிப்புடன் டார்கெட் நிறுத்தப்பட்ட செய்தி. அதற்குப் பின்னரே காம்போசிட்டர். ஒழுங்கற்ற அமைப்பில் காம்போசிட்டர் முதலில் போய், அதன் பின்னால் இணைப்பு அறுந்த புலம்பல்கள் வரிசையாக வரும். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, எந்த வழிகாட்டியைப் படிப்பதையும்விட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

காம்போசிட்டர் கடைசியில் நிற்க வேண்டுமானால் அதுவே ஒரு யூனிட்டாக இருந்தாக வேண்டும். ஸ்வேயின் அமைப்புக் கோப்பிலிருந்து டார்கெட்டைத் தொடங்கிவிடுவது மட்டும் போதாது, ஏனெனில் ஸ்வே இறந்தாலும் டார்கெட் அப்படியே நிற்கும். இதற்கு நானே எழுதிய யூனிட்டுகளைக் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, பின்னர் யூடபிள்யூஎஸ்எம் என்ற வேலண்ட் அமர்வு மேலாளருக்கு மாறினேன். அது காம்போசிட்டரைச் சேவையாகவே ஓட்டுகிறது. சூழல் மாறிகளை மேலாளரிடம் ஏற்றுகிறது. அமர்வு முடியும்போது தான் ஏற்றியவற்றைத் துடைத்தும் விடுகிறது. அந்தக் கடைசிச் செயலுக்காக மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

சூழல் மாறிகள் எவ்வளவு முக்கியம் என்பதை ஸ்வே பயனர்கள் நன்கறிந்த ஒரு தொல்லையே காட்டும். உள்ளே நுழைந்து முதல் ஜிடிகே (ஒரு வரைகலை நூலகம்) செயலியைத் திறந்தால் ஏறத்தாழ 25 நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு எதுவுமே நடக்காதது போலச் சாளரம் வரும். அந்தச் செயலி டி-பஸ் (நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் அமைப்பு) வழியாக டெஸ்க்டாப் போர்ட்டலை (செயலிகளுக்கு டெஸ்க்டாப் வசதிகளைத் தரும் இடைநிரல்) அழைக்கிறது. போர்ட்டலைத் தொடங்குவது பயனர் மேலாளர். அதனிடம் வேலண்ட்-டிஸ்பிளே மாறி இல்லையென்றால், போர்ட்டலின் பின்னணி நிரல் எந்தத் திரையோடு இணைவது என்று தெரியாமல் விழுந்துவிடும். டி-பஸ் அழைப்புக்கான இயல்பு காத்திருப்பு 25 நொடி. அது தீரும் வரை செயலி நின்றுகொண்டிருக்கும். வேலண்ட்-டிஸ்பிளே, எக்ஸ்டிஜி-கரண்ட்-டெஸ்க்டாப் ஆகிய மாறிகளை மேலாளரிடமும் டி-பஸ்ஸிடமும் ஏற்றிவிட்டு, அதன் பிறகே டார்கெட்டைத் தொடங்கினால் தொல்லை தீர்ந்தது. மாறிகளைப் பெயர் சொல்லி ஏற்ற வேண்டும். மொத்தச் சூழலையும் அள்ளிப்போடும் பழைய முறையைச் சிஸ்டம்டியே இப்போது கைவிடச் சொல்கிறது. எஃப்சிஐடிஎக்ஸையும் இதே ஒழுங்கில்தான் வைத்திருக்கிறேன். மாறிகள் ஏறுவதற்கு முன் அது எழுந்துவிட்டால் காம்போசிட்டரோடு ஒட்டாது. வேலண்ட் செயலிகளில் தமிழ் விசைப்பலகைக்கு மாறுவதும் நடக்காது.

விழுந்த சேவையைத் தானாக எழுப்பும் வசதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. 'ரீஸ்டார்ட்' வரியை எழுதியதும் எல்லாம் பத்திரம் என்று தோன்றும். இயல்பிருப்பில் மறுதொடக்கத்துக்கு முன் காத்திருக்கும் நேரம் 100 மில்லிநொடி. 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி அந்தச் சேவையைக் கைவிட்டுவிடும். வெளித்திரையைச் செருகும்போது திரைகள் நிலைகொள்ள ஓரிரு நொடி ஆகிறது. அதற்குள் மேற்பட்டை விழுந்து எழுந்து விழுந்து, தனக்குரிய ஐந்து வாய்ப்புகளையும் தீர்த்துக்கொள்ளும். காத்திருப்பை 3 நொடியாக்கிய பிறகு இந்தச் சிக்கல் எனக்கு வந்ததில்லை.

கணினியை அணைக்கும்போது திரையில் வரும் 'நிறுத்தும் பணி ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற வரியையும், அதன் பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் நொடிக்கணக்கையும் பார்க்காத லினக்ஸ் பயனர் இருக்க மாட்டார். ஒரு சேவை சிக்டெர்முக்கு இணங்காவிட்டால் 90 நொடி வரை காத்திருந்து அதன் பிறகே, வலுக்கட்டாயமாகக் கொல்லும் சிக்கில் சிக்னலை அனுப்புவது சிஸ்டம்டியின் இயல்பு. ஃபெடோரா தன் 38ஆம் பதிப்பில், 2023இல், இதை 45 நொடியாகக் குறைத்தது. பலர் ஒரேயடியாக 5 நொடியாக்கிவிடச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அந்தக் காத்திருப்பு ஓர் அறிகுறி மட்டுமே. கணினியின் முந்தைய ஓட்டத்துக்குரிய பயனர் ஜர்னலைத் திறந்தால் எந்தச் சேவை இணங்கவில்லை என்பது பெயரோடு இருக்கும். அந்த ஒரு சேவைக்கு மட்டும் நிறுத்தும் நேரத்தைக் குறைத்து எழுதினால் போதும். தரவுத்தளத்தையோ காப்பு நகலையோ எழுதிக்கொண்டிருக்கும் சேவைக்கு அதன் அவகாசம் மிஞ்சும். என் கணினியில் தாமதத்துக்குக் காரணமாக இருந்தது, காம்போசிட்டரின் குழுவிலேயே தங்கியிருந்த டெர்மினல்களும் அவற்றுக்குள் ஓடிய ஷெல்களும்.

இது அடுத்த விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. காம்போசிட்டர் சேவையாக ஓடும்போது, குறுக்கு விசையால் திறக்கும் உலாவியும் டெர்மினலும் அதன் பிள்ளைகளாக அதே சிகுரூப்பில் (கெர்னல் ஒன்றாகக் கணக்கிடும் செயல்முறைக் குழு) சேர்கின்றன. நினைவகம் தீர்ந்து கெர்னல் உலாவியைக் கொன்றால், அந்தச் சேவைக்குள் ஒரு செயல்முறை கொல்லப்பட்டது என்ற அளவில் சிஸ்டம்டி முழுச் சேவையையும் நிறுத்துவதுதான் இயல்பிருப்பு; உலாவியோடு டெஸ்க்டாப்பே போய்விடும். ஒவ்வொரு செயலியையும் தனி ஸ்கோப்பில் (தனக்கென ஒரு சிகுரூப் கொண்ட யூனிட்) தொடங்குவது இதற்கு மாற்று. சிஸ்டம்டி-ரன் கட்டளையோ யூடபிள்யூஎஸ்எம்மின் ஆப் துணைக்கட்டளையோ இதைச் செய்யும். செயலி தொடக்கி, குறுக்கு விசைகள் இரண்டிலும் ஒரு முறை மாற்றிவிட்டால் அதன் பிறகு நினைக்கவே வேண்டியதில்லை. எந்தச் செயலி எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்பதையும் அப்போதுதான் தனித்தனியாகப் பார்க்க முடியும்.

குறைகளும் உள்ளன. கணினி உறங்கப்போவதை அறிவிக்கும் ஸ்லீப் டார்கெட், கணினி முழுவதற்கும் உரிய அமைப்பு மேலாளரிடம் மட்டுமே இருக்கிறது. பயனர் மேலாளரிடம் இல்லை. 'உறங்குவதற்கு முன் திரையைப் பூட்டு' என்று ஒரு பயனர் யூனிட்டில் நேரடியாக எழுத வழியில்லை. உறக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடும் 'தாமதப் பூட்டு' ஒன்றை லாகின்டியிடம் வாங்கிக்கொள்ளும் ஸ்வேஐடில் போன்ற நிரல்தான் அதைச் செய்ய வேண்டும். சிக்டெர்ம் வந்ததும் சேமித்துவிட்டு வெளியேறும் ஒழுக்கம் எல்லா வரைகலைச் செயலிகளிடமும் இல்லை என்பது இதைவிடப் பெரிய குறை. நான் பயன்படுத்தும் குறிப்புச் செயலி ஒன்று எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் ஒன்றும் எழுதாமல் போய்விடும். அங்கே சேவை மேலாளரால் ஆகக்கூடியது எதுவுமில்லை.

க்னோம் 3.34 பதிப்பிலிருந்தும், பிளாஸ்மா 5.25 முதல் இயல்பாகவும், தங்கள் அமர்வைச் சிஸ்டம்டி வழியாகவே நடத்துகின்றன. அவற்றின் பயனர்கள் மேலே சொன்ன டார்கெட்டுகள் எதையும் எழுத வேண்டாம். அவர்களுக்கு மிஞ்சுவது, நுழைந்ததும் தானாகத் தொடங்க வேண்டிய நிரல்களைக் குறிக்கும் ஆட்டோஸ்டார்ட் கோப்புறை. அதிலுள்ள டெஸ்க்டாப் கோப்புகளை, 2020இல் வந்த சிஸ்டம்டி 246 முதல், ஒரு ஜெனரேட்டர் சேவைகளாக மாற்றித் தருகிறது. அவற்றையும் மற்ற சேவைகளைப் போலவே நிலை பார்க்கலாம், முகமூடியிட்டு (தொடங்கவே முடியாதபடி) அடக்கலாம். ஒரே நிரலுக்கு ஆட்டோஸ்டார்ட் கோப்பும் கையால் எழுதிய யூனிட்டும் இரண்டும் இருந்தால் அது இரு முறை எழும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஸ்வே, ஹைப்ர்லேண்ட், லேப்டபிள்யூசி போன்ற காம்போசிட்டர்களில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை: ஒரே நாளில் எல்லா 'எக்செக்' வரிகளையும் அழிக்க வேண்டாம். அறிவிப்பு நிரலை முதலில் யூனிட்டாக்குங்கள், வெளியேறி ஜர்னலைப் பாருங்கள், அடுத்து மேற்பட்டை, திரைப்பூட்டை நடத்தும் நிரலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது எழாமல் போனால் கண்ணுக்குத் தெரியாது, கணினி பூட்டப்படாமலே கிடக்கும்.