பேக் லைன் டிஃபென்ஸ்: புதுப் பசங்களை வைத்துப் பல சீசன் ஆடிய அனுபவம்

கல்லூரி கூடைப்பந்து அணியில் ஒரு பையனுக்கு ஆட்டம் பிடிபடும் நேரத்தில் படிப்பு முடிந்து கிளம்பிவிடுவான். பாதிக்கு மேல் முதலாண்டு மாணவர்கள் இருக்கும் அணிக்கு எந்த டிஃபென்ஸ் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பேக் லைன். பல சீசன்களாக இதைத்தான் ஆடவைக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் டிக் பென்னட் வகுத்த முறை இது. அடிப்படையில் மேன்-டு-மேன்தான், அதாவது ஆளுக்கு ஒரு எதிராளி. பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவான். மற்ற நால்வரும் கூடையிலிருந்து சுமார் 16 அடியில் இருக்கும் கற்பனைக் கோட்டுக்குள் நிற்பார்கள். பாஸை வெட்டப் பாய வேண்டாம், கூடைக்கு அடியில் உள்ள கட்டமான பெயிண்டுக்குள் டிரைவ் (பந்தைத் தட்டிக்கொண்டு பாய்வது) நுழையாமல் அடைத்தால் போதும். சாதாரண மேன்-டு-மேனில் புதுப் பையன் தன் ஆளை ஒட்டியே நின்று, தாண்டிப் போனதும் பின்னாலிருந்து கையை வீசி ஃபவுல் வாங்குவான். பேக் லைனில் அவனுக்குப் பக்கத்திலேயே ஹெல்ப், அதாவது உதவிக்கு ஆள், நிற்கிறது.

புதுசுகளுக்கு 2-3 ஸோன்தான் (முன்னால் இருவர், பின்னால் மூவர் என ஆளை விட்டு இடத்தைக் காப்பது) சுலபம் என்று பலர் சொல்வார்கள். 2017-18 சீசனில் நான்கு முதலாண்டு வீரர்களை முதல் ஐவரில் இறக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அணியே சீசன் நடுவில் ஸோனுக்குத்தான் மாறியது. ஆனால் அவர்களிடம் இருந்த உயரம் நம்மிடம் இல்லை. ஸோனில் யாரை பாக்ஸ் அவுட் செய்வது (ரீபவுண்டுக்கு வராமல் உடம்பால் மறிப்பது) என்பது ஷாட் கிளம்பிய பிறகுதான் தெரியும். அனுபவமில்லாத பையன் அந்த நொடியில் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். மேன்-டு-மேனில் அவனுடைய ஆள் யார் என்பதில் குழப்பமே இல்லை.

பழக்குவதற்கு, தரையில் 16 அடியில் டேப் ஒட்டி, நாலுக்கு நாலு ஷெல் டிரில் (பந்து நகர நகர டிஃபென்ஸ் இடம் மாறும் பயிற்சி) மட்டும் ஓட்டுங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது யாருடைய கால் டேப்புக்கு வெளியே இருக்கிறது என்று பாருங்கள். பந்து திரும்பி வரும்போது குளோஸ்-அவுட், அதாவது தன் ஆளை நோக்கி ஓடி நெருக்குவது: முதல் சில எட்டு முழு வேகம், கடைசி எட்டுகள் குட்டிக் குட்டியாக, இடுப்பு தாழ்ந்து, கை உயர்ந்து. முழு வேகத்திலேயே பாய்ந்து வருபவனை ஒரு பம்ப் ஃபேக்கில் (ஷாட் அடிப்பது போன்ற பாவனையில்) தாண்டிவிடுவார்கள். பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கம் மட்டும் வழிவிடக் கூடாது. இந்த ஒன்று உடம்பில் ஊறத்தான் அதிக நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

லைனப்பில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரு விஷயத்தில்தான். அதிகப் புள்ளி எடுக்கும் ஐந்து பேரை முதலில் இறக்க மாட்டேன். பின்னால் நிற்பவனுக்கு வாய் வேண்டும். ஸ்கிரீன், அதாவது வழியை மறித்து நிற்க எதிராளி வருவதை முதலில் பார்ப்பவன் அவன். சத்தமாகச் சொல்லாவிட்டால் முன்னால் நிற்கும் கார்டு நேராகப் போய் முட்டிக்கொள்வான். அதனால் சீனியர் ஒருவன் எப்போதும் களத்தில் இருக்கும்படி, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் மாற்றுவதில்லை. பந்தை நிதானமாகக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இருவர் கட்டாயம். டர்ன்ஓவரில் (பந்தைப் பறிகொடுத்ததும்) எதிரணி ஓடி வந்தால் எந்தக் கோடும் காப்பாற்றாது.

குறைகளும் உண்டு. கார்னருக்கு வேகமான ஸ்கிப் பாஸ் (நடுவில் இருப்பவரைத் தாண்டி நீளமாக வீசுவது) போட்டு த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) அடிக்கத் தெரிந்த அணியிடம் இது திணறும். டிக் பென்னட்டின் மகன் டோனி பயிற்சியளித்த வர்ஜீனியா பல்கலைக்கழக அணி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கான 2018 என்சிஏஏ போட்டியின் முதல் சுற்றிலேயே கடைசித் தரவரிசையான 16-இல் இருந்த யூஎம்பிசி என்ற பல்கலைக்கழக அணியிடம் 74-54 என்று தோற்றது. இடைவேளையில் 21-21 சமநிலை. பிறகு யூஎம்பிசியின் த்ரீக்கள் விழுந்தன, மெதுவாக ஆடிப் பழகிய வர்ஜீனியாவால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே அதே டிஃபென்ஸை வைத்து வர்ஜீனியா பட்டம் வென்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும், பெரிய வித்தியாசத்தில் பின்தங்கினால் எடுக்கத் தனியாக ஒரு பிரஸ்ஸையும் (களம் முழுக்க நெருக்கிப் பந்தைப் பறிக்கப் பார்ப்பது) பழக்கி வைத்திருங்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபவுல் குறைவது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியில் ஒரு குவார்ட்டரில் ஐந்தாவது அணி ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இளம் அணிகள் அந்த எண்ணிக்கையை ஐந்தாறு நிமிடத்திலேயே தொட்டுவிடும். ஹெல்ப் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பும் பையன் கையை நீட்டுவதில்லை. கடைசிக் குவார்ட்டரில் நம் சென்டர் பெஞ்சில் உட்காராமல் களத்தில் நிற்கிறான்.